கேட்டால் வருவார்கள்: மூத்தவர்களும் தன்னார்வப் பணியும்

"ஐயா, நேரம் கிடைக்கும்போது வந்து எங்களுக்கு ஏதாவது உதவி பண்ணுங்களேன்."

"பார்க்கலாம் தம்பி."

பெரும்பாலும் பேச்சு இதோடு முடிந்துவிடும். கேட்டவர் தன் கடமை தீர்ந்தது என்று கிளம்பிவிடுவார். பெரியவர் வீட்டுக்குப் போய், 'ஏதாவது என்றால் என்ன செய்வது? என்னால் அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?' என்று கொஞ்ச நேரம் யோசிப்பார், அப்புறம் மறந்துவிடுவார். மறு வாரம் யாராவது கேட்டால், "வயசானவங்க யாரும் முன்வர மாட்டேங்கிறாங்க" என்று அந்தத் தம்பி சொல்லிக்கொண்டிருப்பார்.

இதையே வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். "ஐயா, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்தில் ஒரு பையனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்க ஆள் வேண்டும். ஒரு மணி நேர வேலை. முதல் நான்கு வாரம் நானும் பக்கத்தில் இருப்பேன். பேத்திக்கு நீங்கள் கதை சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் நேராக உங்களிடம் வந்தேன். வருவீர்களா?"

இதில் நாள் இருக்கிறது, மணி இருக்கிறது, என்ன வேலை என்பது இருக்கிறது, துணைக்கு ஆள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் குறிப்பாக அவரைத் தேடி வந்தோம் என்பது இருக்கிறது. இதற்கு அவர் மறுக்கலாம், ஆனால் யோசித்துத்தான் மறுப்பார். பலர் மறுப்பதில்லை. மூத்தவர்களைத் தன்னார்வப் பணிக்கு அழைத்து வருவது என்ற பெரிய விஷயத்தின் பாதி இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே இருக்கிறது. வந்தவரை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பது மீதிப் பாதி. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது. ஒரு நூலகம், ஒரு பள்ளி, ஒரு சின்னக் குழு என எதையாவது நடத்திக்கொண்டு, 'பெரியவர்களை எப்படிச் சேர்ப்பது' என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அப்பாவையோ அம்மாவையோ வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகளும் படிக்கலாம்.

யார் மூத்தவர், எது தன்னார்வப் பணி

கூலி எதிர்பார்க்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக நேரம் ஒதுக்கிச் செய்யும் வேலைதான் தன்னார்வப் பணி. அமைப்பில் பெயர் பதிந்து செய்வதும் இதில் சேரும், பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் சேரும். பல மூத்தவர்கள் இரண்டாவதை ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருப்பார்கள், அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்பது தெரியாமலே.

மூத்தவர் என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை பொதுவாக 60 வயதைக் கணக்காக எடுத்துக்கொள்கிறது. சில திட்டங்கள் 50 அல்லது 55 வயதிலேயே சேர்த்துக்கொள்கின்றன. 2030ஆம் ஆண்டில் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இந்த 'மூத்தவர்' என்ற ஒற்றைச் சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 60க்கும் 85க்கும் நடுவே 25 வருஷம் இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரரையும் ஐம்பது வயதுக்காரரையும் ஒரே கூட்டமாக நினைத்து யாரும் திட்டம் போடுவதில்லை. நேற்று ரிட்டயர் ஆன, ஓடியாடி வேலை செய்யும் ஒருவரும், கைத்தடியோடு மெல்ல நடக்கும் ஒருவரும் ஒரே அறிவிப்பைப் படித்துவிட்டு வரப்போவதில்லை.

அவர்களுக்கு என்ன கிடைக்கிறது

வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது சம்பளம் மட்டும் நிற்பதில்லை. 'இன்றைக்கு நான் போகாவிட்டால் ஒரு வேலை நின்றுவிடும்' என்ற நிலையும் அதோடு நின்றுபோகிறது. பல பேருக்கு இந்த இரண்டாவது இழப்புதான் உள்ளுக்குள் வலிக்கும். நடுவயதுக்கு மேல் மனிதர்களுக்குள் அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற தேவை வலுக்கிறது என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதினார். கொடுக்க இடம் கிடைக்காதபோது மனம் தேங்கிப்போகும் என்பதும் அவர் சொன்னதுதான்.

உடல்நலத்தைப் பற்றியும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 13,000 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. ஆண்டுக்கு 100 மணி நேரமாவது தன்னார்வப் பணி செய்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. நடக்க, படியேற, குனிந்து நிமிர முடியாமல் போவதும் அவர்களிடம் குறைவு. வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வு கூடுதல். 100 மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். சரி, நல்ல உடல்நிலையோடு இருப்பவர்கள்தானே முதலில் வேலைக்கு வருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் அவர்களின் தொடக்க உடல்நிலையையும் கணக்கில் எடுத்துத்தான் ஒப்பிட்டார்கள். ஆனாலும் இந்த மாதிரி ஆய்வு எதையும் முழுசாக நிரூபித்துவிடாது. சர்க்கரை நோய், பக்கவாதம் போன்ற பல நோய்களில் இதே ஆய்வு எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. ஆகவே 'தொண்டு செய்தால் நோய் வராது' என்று யாரிடமும் சொல்லி அழைக்காதீர்கள். அது உண்மையும் இல்லை, அப்படி அழைக்கப்பட்டு வருபவர் நிலைப்பதும் இல்லை.

ஏன் தயங்குகிறார்கள்

'ஆர்வம் இல்லை' என்று சொல்லிவிடுவது எளிது. நான் பார்த்தவரை அது கடைசிக் காரணம்.

முதல் காரணம், யாரும் கேட்கவில்லை. தன்னார்வப் பணியில் இருப்பவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், தெரிந்தவர் ஒருவர் நேரில் அழைத்தார் என்பதுதான் மீண்டும் மீண்டும் வரும் பதில். மூத்தவர்களின் சிக்கல் என்னவென்றால், அழைக்கக்கூடிய வட்டமே அவர்களுக்குச் சுருங்கிக்கொண்டு வருகிறது. அலுவலக நண்பர்கள் விலகிப் போயிருப்பார்கள், சிலர் காலமாகியிருப்பார்கள். அழைப்பு அதிகம் தேவைப்படுகிற வயதில்தான் அழைப்பு குறைவாக வருகிறது.

இரண்டாவது, அவர்களே தங்களை ஓரங்கட்டி வைத்திருப்பது. வயதை வைத்து ஆளைக் குறைத்து மதிப்பிடும் பழக்கத்துக்கு 1969இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் முதல்முறையாக ஒரு பெயர் கொடுத்தார், ஏஜிசம் என்று. சாதி, நிறம், பாலினம் என்று மற்ற பாகுபாடுகளில் ஒதுக்குபவர் ஒரு பக்கம், ஒதுக்கப்படுபவர் ஒரு பக்கம். வயதுப் பாகுபாட்டில் இருபது வயதில் நாம் எதைச் சொல்லிச் சிரித்தோமோ அதையே எழுபது வயதில் நம்மைப் பார்த்து நாமே சொல்லிக்கொள்கிறோம். "எனக்கு இதெல்லாம் இனி வராதும்மா" என்று ஓர் அம்மா சொன்னால் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பல வருஷமாக மற்றவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு அவருக்குள் இறங்கிய சொல் அது.

மூன்றாவது, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். ஒருமுறை சரி என்றால் வாரா வாரம் போக வேண்டுமோ, உடம்பு முடியாமல் போனால் என்ன நினைப்பார்கள், மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போக வேண்டி வந்தால் என்ன செய்வது? இந்தப் பயம் பொறுப்பு உள்ளவர்களுக்குத்தான் வரும். அதனால் இப்படித் தயங்குகிறவரை நான் கூடுதல் மதிப்போடு பார்ப்பேன்.

அப்புறம் பணம். பஸ் கட்டணம் கொடுத்து, கைக்காசு செலவழித்துத் தொண்டு செய்ய எல்லாராலும் முடியாது. முடியாது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வீட்டில் படுத்திருக்கும் துணையைப் பார்த்துக்கொள்பவர்கள், பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள் ஏற்கெனவே முழுநேர வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் போய் 'சும்மாதானே இருக்கிறீர்கள்' என்று கேட்பது கொடுமை.

பிள்ளைகளும் ஒரு தடைதான். "இந்த வயசுல எதுக்குப்பா உங்களுக்கு இதெல்லாம், பேசாம ஓய்வா இருங்க" என்பது அன்பினால் வரும் சொல். ஆனால் அந்த அன்பு அப்பாவை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும். உங்கள் அப்பாவோ அம்மாவோ போக ஆசைப்பட்டால், தடுப்பதற்குப் பதில் ஒரு நாள் கூடப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் உங்கள் கவலை அங்கேயே தணிந்துவிடும்.

வேலையை அவரோடு சேர்ந்து தேடுவது

ரிட்டயர் ஆன கணக்காளர் என்றதும் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவோம். சிலருக்கு அது பிடிக்கும். ஜெர்மனியில் 1983இல் தொடங்கிய ஓர் அமைப்பு, ஓய்வுபெற்ற நிபுணர்களை அவர்கள் தெரிந்த தொழிலையே சொல்லிக்கொடுக்க மற்ற நாடுகளுக்கு அனுப்புகிறது. விரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் நாற்பது வருஷம் கணக்குப் பார்த்தவர், 'இனி எண்ணே பார்க்க வேண்டாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்' என்றும் சொல்லலாம். அதையும் கேட்க வேண்டும். "என்ன தெரியும்?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல், "எதைச் செய்தால் நேரம் போவதே தெரியாது?", "எது இனி வேண்டவே வேண்டாம்?" என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆண்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'வாருங்கள், மனம்விட்டுப் பேசலாம்' என்று கூப்பிட்டால் பலர் வர மாட்டார்கள். 'ஒரு பெஞ்சு உடைந்து கிடக்கிறது, சரிசெய்ய ஆள் வேண்டும்' என்றால் வருவார்கள். 1990களில் ஆஸ்திரேலியாவில் தோன்றிய மென்ஸ் ஷெட் இயக்கம் இதைப் புரிந்துகொண்டு வளர்ந்தது. ஒரு பட்டறை, கொஞ்சம் கருவிகள், கூடி மரவேலை செய்யும் ஆண்கள், அவ்வளவுதான். ஆண்கள் முகத்துக்கு முகம் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள் என்பது அங்கே வழங்கும் சொல். மனைவியை இழந்த ஒருவர் அதைப் பற்றி இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே சொல்வார், நிமிர்ந்து பார்க்காமல்.

வெளியே வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2009இல் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் முயற்சியில் தொடங்கிய 'கிரானி கிளவுட்' (பாட்டிமார் மேகம்) திட்டத்தில், பிரிட்டனில் இருந்த தன்னார்வலர்கள், அவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஸ்கைப் வழியாக இந்தியக் குழந்தைகளோடு பேசினார்கள், கதை படித்தார்கள். வெறும் ஃபோன் போதும் என்கிற வேலையும் நிறைய இருக்கிறது. தனியாக வாழும் ஒருவருக்குத் தினமும் காலையில் ஃபோன் செய்து "எழுந்தாச்சா, சாப்பிட்டாச்சா" என்று கேட்பது சின்ன வேலை இல்லை.

ஹராரேயில் ஒரு பெஞ்ச்

மூத்தவர்களைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது என்றால் என்ன என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது ஜிம்பாப்வேயின் கதைதான். தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இருந்தார். நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். அவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு வர நினைத்தோம், பஸ்ஸுக்குப் பணம் இல்லை என்று அந்தப் பெண்ணின் தாய் சொன்னார். மருத்துவமனைக்கு மக்கள் வர முடியாவிட்டால், மக்கள் இருக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று சிபாண்டா தேடியபோது கிடைத்தவர்கள் பாட்டிமார். ம்பாரே என்ற நெரிசலான பகுதியில், சமூக சுகாதாரத் தொண்டர்களாக ஏற்கெனவே ஊருக்குப் பழகிய 14 பேர்.

அவர்களுக்குப் பேச்சுவழி ஆலோசனையில் பயிற்சி கொடுத்தார். சுகாதார மையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மரப் பெஞ்ச். மனம் கனத்துப்போய் வருகிறவர் அதில் வந்து பாட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் இடம் வேறு. சிபாண்டா முதலில் அதற்கு மனநல பெஞ்ச் என்று பெயர் வைக்க இருந்தார். அப்படி எழுதினால் யாரும் உட்கார வர மாட்டார்கள் என்று சொன்னவர்கள் பாட்டிமார்தான். நட்பு பெஞ்ச் என்று பெயர் மாறியது. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லுக்குப் பதில், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' என்ற ஷோனா மொழிச் சொல்லையே அவர்கள் பயன்படுத்தினார்கள். மருத்துவர் பயிற்சியைக் கொடுத்தார். அதை ஊர்க்காரர் வாயில் புழங்கும் பேச்சாக மாற்றியவர்கள் அந்த மூத்த பெண்கள். 24 சுகாதார மையங்களில் 573 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லும் இடத்தை அந்தப் பாட்டிமாருக்குக் கொடுத்திருக்காவிட்டால் பெஞ்ச் காலியாகவே கிடந்திருக்கும். உங்கள் திட்டத்திலும் மூத்தவர்களைக் கையாட்களாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி போடுங்கள்.

முதல் நாள்

நான் உதவி செய்துகொண்டிருந்த ஒரு வாசிப்புத் திட்டத்தில், எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா சேர்வதாகச் சொன்னார். ஃபோனில் பேசும்போதே குரலில் அவ்வளவு உற்சாகம். முதல் நாள் இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். நான் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அறைச் சாவி என்னிடம். வாசலில் இருந்தவருக்கு அவர் வருவது தெரியாது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைவழியில் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார். உட்கார அங்கே ஒன்றும் இல்லை. நான் வந்தபோது அவர் போய்விட்டார். மன்னிப்புக் கேட்டு ஃபோன் செய்தேன். "பரவாயில்லப்பா, உங்களுக்கு ஆள் இருக்கு போல" என்றார். திரும்ப வரவில்லை.

நான் அவரை விரட்டவில்லை, அலட்சியமாகப் பேசவும் இல்லை. ஆனால் 'உன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை' என்று அந்த நடைவழி அவரிடம் நாற்பது நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன்பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதல் நாளன்று வாசலில் ஒருவர் நின்று பெயர் சொல்லி அழைப்பார். பெயர் அட்டை முன்கூட்டியே தயாராக இருக்கும். கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, களைத்துப்போனால் எங்கே உட்காரலாம் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் காட்டிவிடுவோம். இதில் கழிப்பறையைக் கட்டாயம் காட்ட வேண்டும். பல பெரியவர்கள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டிலேயே தண்ணீர் குடிக்காமல் கிளம்பி வருவார்கள்.

காது, கண், கால், காசு

வயதாகும்போது காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். அதனால் ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் தேய்ந்து, பேசுவது கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்பது பிடிபடாது. அவரிடம் கத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும். முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். மின்விசிறி இரைச்சலும் நாலு பேர் பேச்சும் கலந்த அறையில் பயிற்சி நடத்தினால் அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். புரியாததைத் திரும்பக் கேட்கவும் மாட்டார், தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

கண்ணும் அப்படித்தான். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேருகிறது. ஆகவே நமக்குப் போதும் என்று தோன்றும் விளக்கு அவருக்குப் போதாது. சேரும் படிவத்தைப் பெரிய எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், ஒரே பக்கத்தில் முடியும்படி அச்சடியுங்கள். ஆன்லைனில் மட்டும்தான் பதிவு என்று வைத்தால், யாரைத் தேடுகிறீர்களோ அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். ஒரு ஃபோன் எண்ணும், அதை எடுத்துப் பேச ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

அதற்காக மூத்தவர்களுக்கு ஃபோனும் கணினியும் வராது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் அவர் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, டக் டக் என்று நாலு இடத்தில் அழுத்திவிட்டு "அவ்வளவுதான், பாத்தீங்களா" என்று திருப்பிக் கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. ஃபோன் அவர் கையிலேயே இருக்கட்டும், விரலும் அவருடையதாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். அவர் தன் நோட்டில் தன் கையெழுத்தில் குறித்துக்கொள்ள நேரம் கொடுங்கள்.

காசு விஷயத்தில் வெட்கப்படாமல் பேச வேண்டியது அமைப்பின் வேலை. போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவது தொண்டுக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்ட் திட்டம், வருமானம் குறைந்த மூத்தவர்களை மனதில் வைத்தே அமைக்கப்பட்டது. கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளோடு இருக்க வரும் அவர்களுக்குச் சிறு உதவித்தொகை கொடுத்தார்கள். கையில் காசு உள்ளவர் மட்டும்தான் தொண்டு செய்யலாம் என்ற நிலையை அது உடைத்தது. நீங்கள் செய்ய வேண்டியது, செலவை 'வேண்டுமானால் கேளுங்கள்' என்று விட்டுவிடாமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி, கேட்காமலே கொடுத்துவிடுவது. வேண்டாதவர் திருப்பித் தந்துகொள்ளட்டும். கேட்டு வாங்க வைத்தால், மிகவும் தேவைப்படுபவர்தான் கேட்காமல் போவார்.

வேலை நேரத்தையும் உடம்புக்குத் தக்கபடி வெட்ட வேண்டும். நாலு மணி நேர ஷிப்ட் ஒன்றுக்குப் பதில் இரண்டு மணி நேர ஷிப்ட் இரண்டு. இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டிய வேலையைப் பலர் சொல்லாமலே தவிர்ப்பார்கள்.

ஒருவராக விடாதீர்கள்

அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய எக்ஸ்பீரியன்ஸ் கார்ப்ஸ் திட்டத்தில் மூத்தவர்கள் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு வாசிக்க உதவினார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம் வரை, அது கொஞ்சம் பெரிய பொறுப்புதான். ஆனாலும் நிறையப் பேர் வந்தார்கள். பால்டிமோர் நகரில் இந்தத் திட்டத்தை ஒட்டி நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகள் பங்கேற்ற ஆண்களின் மூளையில், வயதோடு வரும் சுருக்கம் தென்படவில்லை, மாறாகச் சற்றே வளர்ச்சி தெரிந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்த ஒரு காரியத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று அனுப்பவில்லை. ஒரே பள்ளிக்கு ஒரு குழுவாக அனுப்பினார்கள். ஒருவருக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் இன்னொருவர் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். 'வராமல் போனால் என்ன ஆகும்' என்று முன்பு சொன்னேனே, அந்தப் பயம் இதில் தீர்ந்துவிடுகிறது. அவர்களுக்குள் ஒரு நட்பும் உருவாகிறது. பல பேர் குழந்தைகளுக்காக வந்து சேர்ந்து, பக்கத்து நாற்காலிக்காரருக்காகத் தொடர்ந்து வருவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

பாராட்டைப் பொறுத்தவரை, ஆண்டுக்கொரு நாள் சால்வை போர்த்திப் படம் எடுப்பதோடு கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் தினம், அக்டோபர் 1 உலக முதியோர் தினம், கொண்டாடுங்கள். ஆனால் அவர் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த பையன் இந்த வாரம் தானாக ஒரு பக்கத்தைப் படித்து முடித்தான் என்ற செய்தியை அன்றே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்வது அதைத்தான்.

எல்லைகளும் உண்டு

சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை மூத்தவர்களைக் கொண்டு ஓசியில் முடித்துக்கொள்வது தவறு. ஒருவரின் வருமானமும் போகிறது, இன்னொருவரின் நல்ல மனமும் சுரண்டப்படுகிறது. குழந்தைகளோடும் நோயாளிகளோடும் பழகும் வேலை என்றால், வயதில் பெரியவர் என்பதற்காகப் பின்னணி விசாரிப்பைத் தளர்த்தக் கூடாது. எல்லாருக்கும் உள்ள விதி அவருக்கும் உண்டு. ஏன் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வர விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள். ஐம்பது வருஷம் உழைத்துவிட்டு, காலையில் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படுபவருக்கு அந்த உரிமை முழுசாக இருக்கிறது.

முடியாமல் போகும்போது

மூன்று வாரம் தொடர்ந்து ஒருவர் வரவில்லை என்றால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். மூத்தவர்கள் விஷயத்தில் மூன்று வாரம் என்பது ஒரு கண் ஆபரேஷன், ஒரு காய்ச்சல், அல்லது ஒரு மரணம். முதல் வாரமே ஒரு ஃபோன் போக வேண்டும். 'ஏன் வரவில்லை' என்று கேட்கும் குரலில் அது இருக்கக் கூடாது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க வேண்டும். ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவருக்கு அவர் நாற்காலி அங்கேயே இருக்க வேண்டும்.

ஒரு கட்டத்தில் அவரால் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்ய முடியாமல் போகும். நினைவு தடுமாறலாம், கை நடுங்கலாம். அதைக் கண்டும் காணாமல் விடுவது மரியாதை இல்லை. எல்லார் முன்னாலும் சொல்வதும் ஆகாது. தனியாக உட்கார்ந்து, அவரையே முதலில் பேசவிட்டு, இன்னும் எதைச் செய்ய முடியும் என்று இருவருமாகத் தேட வேண்டும்.

எங்கள் வாசிப்புத் திட்டத்தில் ஒரு ஐயா இருந்தார். கண்புரையும் விழித்திரைக் கோளாறும் சேர்ந்து எழுத்து தெரியாமல் போய்விட்டது. கடைசியில் அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பையன் படிப்பதைக் காதால் மட்டும் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார், யாருக்கும் தெரியாமல். தெரிந்ததும் நான் அவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார், "எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம் தம்பி. வராதவங்களுக்கு நான் ஃபோன் பண்றேன்."

இப்போது சனிக்கிழமை காலையில் அந்த வாரம் வராதவர்களின் பெயர்களை நான் வாசிப்பேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு பொத்தான் ஃபோனை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, முதல் எண்ணை அழுத்துவார்.